சீர்கெட்ட நிலத்தைப் பெரிய அளவில் மீட்டால் வறுமை குறையுமா? லோயஸ் பீடபூமியை முன்வைத்து ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். சீனாவின் லோயஸ் பீடபூமியில் மொட்டையாகக் கிடந்த குன்றுகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பச்சை போர்த்திக்கொண்டதைக் காட்டும் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தத் திட்டத்தால் 25 லட்சம் பேர் வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி சொல்வதையும் படித்திருக்கிறீர்கள். இது உண்மைதானா, உண்மையென்றால் இந்தியாவின் வறண்ட மாவட்டங்களில் ஏன் இதே அளவில் நடக்கவில்லை, நடந்தால் எத்தனை ஆண்டுகளில் பலன் தெரியும் என்று கேட்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: நிலம் மீண்டால் அதை நம்பி வாழும் ஏழையும் மீள்வாரா என்பதே அது. நிலம் மீண்டதற்கான சான்று வலுவானது. ஏழை மீண்டதற்கான சான்றைச் சற்று நிதானமாகத்தான் படிக்க வேண்டும். அதில் ஏற்கத்தக்க பகுதிக்கும் முதற்காரணம் நட்ட மரங்கள் என்று நான் நினைக்கவில்லை. நிலம் அங்கே யார் கையில் இருந்தது என்பதே முதற்காரணம் என்பது என் கருத்து.

நான் மண், நீர்ப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தென்னிந்திய மானாவாரி வட்டாரங்களின் வாட்டர்ஷெட் (நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டு) திட்டங்களில் கழித்தவன். லோயஸ் பீடபூமியை நேரில் பார்த்ததில்லை; திட்ட அறிக்கைகளும் அறிவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளுமே எனக்கு ஆதாரம். ஆகவே மண்ணையும் நீரையும் பற்றிச் சொல்வதை உறுதியோடு சொல்கிறேன். வருமானக் கணக்கில் ஒரு பொருளியலாளர் என்னைவிடக் கூர்மையாகப் பேசக்கூடும்.

லோயஸ் என்பது காற்று கொண்டுவந்து கொட்டிய நுண்மண். வடமேற்குப் பாலைவனங்களிலிருந்து 20 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக வந்து படிந்த இந்தத் தூசி, பல இடங்களில் 100 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. பீடபூமியின் பரப்பு சுமார் 6.4 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இந்த மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சரியாமல் நிற்கும். அதனால்தான் மக்கள் குன்றுகளின் பக்கவாட்டில் குகைவீடுகளைக் குடைந்து வாழ்ந்தார்கள். நனைந்துவிட்டாலோ அதன் பிடிப்பு விட்டுப்போய்க் கரைந்து ஓடும். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான சில கனமழைகளாகக் கொட்டித் தீர்ப்பதால், மரமும் புல்லும் இல்லாத சரிவில் ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். விளைச்சல் குறைய, உழவர் இன்னும் செங்குத்தான சரிவை உழுவார், அதுவும் கரையும், எஞ்சிய புல்லை ஆடு கடித்துவிடும். இப்படிக் கரைந்த மண் மஞ்சள் ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன் வண்டலாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆற்றைக் கட்டினால் போதும் என்று தொடக்கத்தில் நினைத்தார்கள். மஞ்சள் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சான்மென்சியா அணையில் 1960-ல் நீர் தேக்கப்பட்டது; இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே வண்டல் அதன் கொள்ளளவை விழுங்கத் தொடங்கியதால், நீர் தேக்கும் முறையையே மாற்ற வேண்டியதாயிற்று; பின்னர் வண்டலை வெளியேற்றச் சுரங்க வழிகள் அமைத்து அணையைத் திருத்திக் கட்டினார்கள். மண்ணை அது புறப்படும் இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. அதற்காகப் பல பத்தாண்டுகள் மக்களைத் திரட்டி மரம் நட்டார்கள். பல இடங்களில் நட்ட பாப்லர் மரங்கள் ஆளுயரத்தோடு நின்று, உச்சி காய்ந்து, குறுகிப்போயின. அவற்றை அந்த ஊர் மக்கள் 'குட்டைக் கிழவர்' என்ற பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தார்கள். மழைக்கு மிஞ்சிய தாகமுள்ள மரத்தை நட்டது ஒரு காரணம். நட்டுவிட்டு வந்த மறுநாளும் அந்தச் சரிவில் உழவும் மேய்ச்சலும் தொடர்ந்தது அதைவிடப் பெரிய காரணம். மாற்று வழி இல்லாதவரிடம் உழாதே, மேய்க்காதே என்று சொன்னால் அவர் கேட்கமாட்டார், கேட்கவும் முடியாது.

1994-ல் தொடங்கிய லோயஸ் பீடபூமி நீர்ப்பிடிப்புப் பகுதி மீட்புத் திட்டம் இந்த இடத்தில்தான் வேறுபட்டது. சான்சி, சென்சி, கான்சு, உள் மங்கோலியா ஆகிய நான்கு பகுதிகளில், 2000-களின் நடுப்பகுதி வரை இரண்டு கட்டங்களாக நடந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உலக வங்கி 15 கோடி டாலர் கொடுத்தது. அது நன்கொடை அன்று, கடன். திட்டத்தின் மொத்தப் பரப்பு சுமார் 35,000 சதுர கிலோமீட்டர். பெல்ஜியம் நாட்டளவு என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பீடபூமி முழுவதையும் வைத்துப் பார்த்தால் இது இருபதில் ஒரு பங்கு. இணையத்தில் உலவும் படங்கள் பலவும் பீடபூமி முழுவதும் ஒரே திட்டத்தால் மாறியது போன்ற எண்ணத்தைத் தருவதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

முதலில் செய்தது சோற்றுக்கு வழி. குடியிருப்புக்கு அருகிலுள்ள, ஓரளவு மிதமான சரிவுகளை அடுக்கு வயல்களாக மாற்றினார்கள். இது கேட்பதற்கு எளிது. செய்வதில் நுணுக்கம் இருக்கிறது. மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து ஓரமாகக் குவித்துவிட்டு, மேட்டுப் பக்கத்து அடிமண்ணை வெட்டிப் பள்ளப் பக்கத்தில் நிரப்பி, இறுக்கி, மட்டம் பார்த்த பிறகே மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். வெளி விளிம்பில் உறுதியான வரப்பு வேண்டும். வயல் இம்மியளவு உட்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் கனமழையிலேயே விளிம்பு உடைந்து மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்கையும் இழுத்துக்கொண்டு போகும். ஒப்பந்தக்காரர் நேரத்தை மிச்சப்படுத்த மேல்மண்ணை வழிக்கும் வேலையை விட்டுவிட்டால், வயல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சில ஆண்டுகள் விளையாது. நம்மூர் வரப்புப் பணிகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். சரியாகச் செய்த அடுக்கு வயலில் மழைநீர் நின்று ஊறும், இட்ட உரம் கரைந்தோடாது, ஆகவே அதே மழையில் சரிவு நிலத்தைவிடத் தெளிவாகக் கூடுதல் விளைச்சல் கிடைக்கும். திட்டத்தில் இதற்குப் புல்டோசர்களைப் பயன்படுத்தினார்கள். கைவேலையாக அமைத்த பழைய குறுகிய அடுக்குகளை விட இவை அகலமானவை, வண்டியும் இயந்திரமும் உள்ளே போகக்கூடியவை.

இன்னொன்று ஓடைகளின் குறுக்கே கட்டிய மண் தடுப்பணை. ஏரி தூர்ந்தால் இழப்பு என்று பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும்: அங்கே இவ்வகை அணை தூர்ந்து போவதற்காகவே கட்டப்படுகிறது. மேலிருந்து கரைந்து வரும் வளமான மண் அணைக்குப் பின்னால் படிந்து, ஓடைப்பள்ளம் நிரம்பி, சில ஆண்டுகளில் சமதளமான, ஈரம் தங்கும் வயல் உருவாகிவிடும். அதன் விளைச்சல் சரிவு நிலத்தின் விளைச்சலைப் போலப் பல மடங்கு. அடுக்கு வயலும் அணைநிலமும் சேர்ந்து, குறைந்த பரப்பில் குடும்பத்துக்கு வேண்டிய தானியத்தைத் தந்த பிறகுதான், செங்குத்தான சரிவுகளை விட்டு விலகச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவந்தது. அச்சரிவுகளில் புல்லும் புதரும் மரமும் வளர்க்கப்பட்டன. ஆப்பிள் போன்ற பழத்தோட்டங்கள் ஏற்ற இடங்களில் வந்தன. ஆடுகளைக் காட்டில் விடாமல் கொட்டிலில் கட்டித் தீவனம் போடும் முறை கொண்டுவரப்பட்டது. சென்சியின் ஊச்சி மாவட்டம் 1998-ல் மேய்ச்சலை முழுவதுமாகத் தடை செய்தது. மற்ற மாவட்டங்கள் அதன் பின்னால் வந்தன. தடைக்கு விலை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டை ஓட்டிக்கொண்டு போவது ஒரு வேலை. புல்லறுத்துச் சுமந்து வந்து போடுவது அதைவிடக் கடினமான வேலை. வீட்டு ஆண்கள் நகரத்துக்குக் கூலிக்குப் போய்விட்ட குடும்பங்களில் அந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுந்திருக்கும்.

இனி, எது உறுதி என்பதற்கு வருகிறேன். திட்டப் பகுதியில் நிலையான செடிகொடிப் போர்வை 17 விழுக்காட்டிலிருந்து 34 விழுக்காடாக உயர்ந்தது என்று உலக வங்கியின் கணக்கு சொல்கிறது. பீடபூமி முழுவதற்கும் செயற்கைக்கோள் வழியாக வேறு ஆய்வாளர்கள் செய்த அளவீட்டில், 1999-ல் ஏறத்தாழ 32 விழுக்காடாக இருந்த பசுமைப் போர்வை 2013-ல் 60 விழுக்காட்டை எட்டியது. மஞ்சள் ஆற்றின் வண்டல் 2000-க்குப் பிறகு சராசரியாக ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. இவை ஒன்றையொன்று சாராத மூன்று சான்றுகள். மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. வண்டல் குறைந்ததில் எவ்வளவு பங்கு எதற்கு உரியது என்பதில் நுணுக்கம் உண்டு. 1970-களிலிருந்து 1990-கள் வரை குறைந்ததற்கு அடுக்கு வயல்களும் தடுப்பணைகளும் நீர்த்தேக்கங்களுமே முதன்மைக் காரணம். அதன் பிறகே செடிகொடிகளின் பங்கு மேலோங்குகிறது. மண்வெட்டி செய்த வேலைக்கும் சேர்த்து மரத்துக்கு மாலை போடுகிறோம் என்று எனக்கு அடிக்கடித் தோன்றும்.

வருமானத்தைப் பற்றிய கணக்கு இப்படி: திட்டப் பகுதியில் ஒருவரின் ஆண்டு வருமானம் சுமார் 70 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது, தலைக்கு 365 கிலோவாக இருந்த தானிய உற்பத்தி 591 கிலோவானது, 25 லட்சம் பேருக்கு மேல் வறுமையிலிருந்து வெளியேறினர். இந்த எண்களைப் பொய் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஆனால் 'முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு' என்பது 'திட்டத்தால் இவ்வளவு' என்பதாகிவிடாது. அதே 1994-ல் சீன அரசு, எட்டுக் கோடி ஏழைகளை ஏழு ஆண்டுகளில் வறுமையிலிருந்து மீட்பது என்ற இலக்கோடு ஒரு நாடளாவிய திட்டத்தைத் தொடங்கியது. சாலை வந்தது, மின்சாரம் வந்தது, நாட்டின் பொருளாதாரம் பாய்ச்சலாக வளர்ந்தது, கிழக்குக் கடற்கரைத் தொழிற்சாலைகள் கிராமத்து இளைஞர்களை இலட்சக்கணக்கில் இழுத்துக்கொண்டன. திட்டம் நடக்காத ஏழை மாவட்டங்களிலும் அந்தப் பத்தாண்டில் வருமானம் உயர்ந்தது. ஆகவே 25 லட்சம் பேரும் அடுக்கு வயலால் மட்டுமே மீண்டார்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தானிய உற்பத்தி உயர்ந்ததில் திட்டத்தின் பங்கு பெரிது என்பதை நம்புகிறேன், ஏனென்றால் அது வயலின் அமைப்போடு நேராகத் தொடர்புடையது. பணவருமானத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஐயம் உண்டு.

இங்கே இன்னொரு திட்டமும் குறுக்கிடுகிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் லோயஸைப் பேச முடியாது. 1999-ல் சென்சி, கான்சு, சிச்சுவான் ஆகிய மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் பரவிய, சரிவு நிலத்தை உழவிலிருந்து விடுவிக்கும் திட்டம் அது. 1998-ல் யாங்சி ஆற்றில் வந்த பெருவெள்ளம் அதற்கு உடனடித் தூண்டுதல். சரிவில் உழுவதை நிறுத்தி மரமோ புல்லோ வளர்க்கும் குடும்பத்துக்கு, மஞ்சள் ஆற்றுப் படுகையில் ஒரு 'மூ' நிலத்துக்கு ஆண்டுக்கு 100 கிலோ தானியமும் 20 யுவான் பணமும் கொடுத்தார்கள். 15 மூ ஒரு ஹெக்டேர்; அப்படியென்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 600 கிலோ. மிகவும் செங்குத்தான சரிவுகளில் அவர்கள் பாடுபட்டு எடுத்துக்கொண்டிருந்ததற்கு இது குறைந்ததல்ல. காட்டு மரம் நட்டால் எட்டு ஆண்டுகள், பழமரம் நட்டால் ஐந்து, புல் வளர்த்தால் இரண்டு ஆண்டுகள் என்று காலமும் வகுக்கப்பட்டிருந்தது; பின்னர் அதை நீட்டித்தார்கள். சில இடங்களில் சொன்ன அளவு முழுமையாகப் போய்ச் சேரவில்லை. சேர விருப்பமா என்று பல குடும்பங்களிடம் உண்மையாகக் கேட்கவும் இல்லை. இருந்தாலும் நிலம் ஓய்வெடுக்கும் ஆண்டுகளில் அடுப்பு எரிவதற்கான ஏற்பாட்டை அரசு தன் கணக்கில் எழுதிக்கொண்டது என்பது முக்கியமானது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பங்கேற்ற திட்டம் இது. வருமானத்தின் மீது இதன் விளைவு பற்றிய ஆய்வுகள் கலவையான முடிவுகளையே தருகின்றன. பலவும் சொல்வது, நிலத்திலிருந்து விடுபட்ட உழைப்பு நாளடைவில் வெளிவேலைகளுக்குப் போனதால் வருமானம் கூடியது என்பதை. அதாவது, நிலம் மீண்டதில் ஒரு பகுதி, மனிதர் அதை விட்டு விலகியதால் நடந்தது.

பசுமை கூடியதெல்லாம் நன்மையே என்று எண்ணுவதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. கருவேல இனத்தைப் போலத் தோன்றும் வட அமெரிக்க மரமான கருப்பு லோகஸ்ட்டைப் பெருமளவில் நட்டார்கள். அது வேகமாக வளரும், வேகமாக நீரும் குடிக்கும். பல தோட்டங்களின் அடியில், மழைநீர் எட்டாத ஆழத்தில் மண் நிரந்தரமாக உலர்ந்த அடுக்கு ஒன்று உருவாகியிருப்பதை மண் ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். பீடபூமியின் செடிகொடிகள் அங்குள்ள நீர் தாங்கக்கூடிய எல்லையை நெருங்கிவிட்டன, இதற்கு மேல் கூட்டினால் மனிதத் தேவைக்கான நீரில் கைவைக்க நேரும் என்று 2016-ல் வந்த ஒரு ஆய்வு எச்சரித்தது. அந்த எல்லை இன்ன எண் என்பதில் விவாதம் தொடரலாம். எல்லை ஒன்று உண்டு என்பதில் ஐயமில்லை. 500 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் பகுதியில் புல்லும் குறும்புதரும் செய்யும் வேலையைக் காடு செய்ய வேண்டும் என்று கேட்கக் கூடாது. சீமைக் கருவேலம் மண்டிய ராமநாதபுரமும் மேலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நான் முதலில் சொன்ன நிலவுடைமைக்கு வருகிறேன். சீனக் கிராமத்தில் நிலம் கூட்டுடைமை. உழும் உரிமை 1980-களின் தொடக்கத்தில் குடும்பங்களுக்கு ஏறக்குறையத் தலைக்கணக்கில் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1993-ல் அந்த உரிமையின் காலத்தை மேலும் 30 ஆண்டுகளுக்கு நீட்டிக்க அரசு முடிவெடுத்தது. தரிசுக் குன்றுகளையும் ஓடைகளையும் 50 ஆண்டுகள் வரையிலும் அதற்கு மேலும் குத்தகைக்கு விடும் முறை சான்சியில் தொடங்கிப் பரவியது. இதன் பொருள், லோயஸ் பீடபூமியில் நிலமே இல்லாத குடும்பம் மிக அரிது. ஒரு குன்று மேம்பட்டால் அந்தக் குன்றிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஏதோ ஒரு பங்கு வந்தது. இன்று நடும் பழமரத்தின் பலனைப் பத்தாண்டு கழித்தும் தானே பறிக்கலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. நிலம் மேம்பட்டபோது வறுமை குறைந்ததற்கு இந்த முன்நிபந்தனையே அடித்தளம் என்பது என் கணிப்பு. இதை யாரும் கட்டுப்படுத்திய பரிசோதனையில் நிறுவவில்லை. நம் நாட்டு அனுபவத்தோடு ஒப்பிட்டே சொல்கிறேன்.

இந்தியாவில் அறிவோ முன்னுதாரணமோ குறைவாக இருக்கவில்லை. 1970-களின் நடுவில் சண்டிகரின் சுக்னா ஏரி தூர்ந்துகொண்டிருந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பி. ஆர். மிஸ்ரா, சிவாலிக் அடிவாரத்தில் ஆடு மேய்த்து வாழ்ந்த சுகோமாஜ்ரி கிராமத்தில் போய் நின்றார். சான்மென்சியாவில் நடந்ததன் சிறு வடிவம் இது. அங்கே சிறு அணைகள் கட்டி, அவற்றின் நீரில் நிலமற்றவர் உட்பட ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமபங்கு என்று முடிவெடுத்தார்கள். நிலமற்றவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாம். நீரில் பங்கு கிடைத்தவர்கள் ஆட்டைக் குன்றுக்கு ஓட்டாமல் தாங்களே காவல் காத்தார்கள். நிலவுடைமை சமமாக இல்லாத ஊரில் பங்கைச் சமமாக்க இப்படி ஒரு வழி உண்டு என்று சுகோமாஜ்ரி காட்டியது. ஆனால் அது ஒரு கிராமம். அதை ஆயிரம் கிராமங்களுக்குக் கொண்டுபோன வழிகாட்டுதல்களில் அணை இருந்தது, வரப்பு இருந்தது, அந்தச் சமபங்கு மட்டும் இல்லை.

லோயஸ் திட்டம் தொடங்கிய அதே காலத்தில், அனுமந்த ராவ் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1995-ல் நம் வாட்டர்ஷெட் வழிகாட்டுதல்கள் வந்தன. சுமார் 500 ஹெக்டேர் ஓர் அலகு. ஹெக்டேருக்கு 4,000 ரூபாய். பணம் குறைவு என்பதே தோல்விக்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள். நான் முழுமையாக ஒப்புக்கொள்ளமாட்டேன். லோயஸ் திட்டத்தின் மொத்தச் செலவு சுமார் 50 கோடி டாலர்; அதைத் திட்டப்பரப்பால் வகுத்தால் ஹெக்டேருக்கு 140 டாலர் போல வரும், அன்றைய மாற்று மதிப்பில் 4,300 ரூபாய்க்குப் பக்கம். பரப்பு முழுவதிலும் பணி நடக்கவில்லை என்பதால் பணி நடந்த ஹெக்டேருக்குச் செலவு கூடுதலாகவே இருந்திருக்கும். ஆயினும் வேறுபாடு நாம் கற்பனை செய்யும் அளவுக்கு இல்லை. வேறுபாடு பலன் போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. நம் ஊர்களில் தடுப்பணை கட்டினால் நிலத்தடி நீர் ஏறுகிறது. அந்த நீர் ஓடைக்கு அருகே பட்டா நிலமும் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவருக்குப் போகிறது. மேட்டில் மேய்ச்சல் புறம்போக்கைக் கம்பிவேலி போட்டு மூடினால் ஆடு வைத்திருக்கும் நிலமற்ற குடும்பம் முதல் நாளே இழக்கிறது. கட்டுமானக் கூலி மட்டும் அவர்களுக்குச் சில மாதங்கள் கிடைக்கும். 2008-ன் பொது வழிகாட்டுதல்கள் இதை உணர்ந்து, திட்டத் தொகையில் 10 விழுக்காட்டை உடைமையற்றோரின் பிழைப்புக்கென ஒதுக்கின. அலகின் அளவையும் 1,000 முதல் 5,000 ஹெக்டேர் வரை உயர்த்தின. நல்ல திருத்தம்தான். என்றாலும் ஏறிய நிலத்தடி நீர் யாருடையது என்ற கேள்வியை அது தொடவில்லை.

கடன் வாங்காமல், புல்டோசர் இல்லாமல் இதைவிடப் பெரிய பரப்பில் நடந்த ஒன்றும் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில், மராதி, சிந்தர் பகுதிகளில், 1980-களின் நடுப்பகுதியிலிருந்து உழவர்கள் தம் வயலில் புதைந்து கிடந்த பழைய மர அடிக்கட்டைகளின் துளிர்களை வெட்டி எறியாமல், நல்ல தண்டுகள் சிலவற்றை மட்டும் விட்டுக் கவாத்து செய்து வளர்த்தார்கள். ஆஸ்திரேலிய வேளாண்மையாளர் டோனி ரினாடோ இதைப் பரப்பத் தொடங்கினார். பிறகு ஊருக்கு ஊர் தானாகப் பரவி, ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் மரம் நிறைந்த வயலாயிற்று. வயலில் நிற்கும் மரம் அரசின் சொத்து என்ற பழைய சட்டம் நடைமுறையில் தளர்ந்ததும், வளர்த்தவரே கிளையை வெட்டி விற்கலாம் என்ற நிலை வந்ததும் இதற்கு முக்கியக் காரணம். இதனால் ஆண்டுக்கு 5 லட்சம் டன் தானியம் கூடுதலாக விளைகிறது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இருந்தும் நைஜர் இன்றும் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. மக்கள்தொகை அதைவிட வேகமாகப் பெருகியது, நகரத்தில் வேலையும் இல்லை. மீட்பு அங்கே பஞ்சத்தின் கடுமையைத் தணித்தது, வறுமையை ஒழிக்கவில்லை. பக்கத்து நாடான புர்கினா ஃபாசோவில் யகூபா சவடோகோ, குழி தோண்டி எரு இட்டுப் பயிர் செய்யும் 'ஸாய்' முறையால் இறுகிப்போன தரிசில் ஒரு காட்டையே வளர்த்து உலகப் புகழ் பெற்றார். 2018-ல் ரினாடோவுக்கும் அவருக்கும் ஒரே மேடையில் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஆனால் நகரம் விரிந்தபோது அவர் வளர்த்த காட்டின் ஒரு பகுதியே வீட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. உரிமை எழுத்தில் இல்லாதவர் நிலத்தின் மதிப்பைக் கூட்டினால், கூடிய மதிப்பை வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியும்.

எத்தனை ஆண்டுகள் என்று கேட்டீர்கள். அடுக்கு வயலும் வரப்பும் சரியாக அமைந்தால் இரண்டு மூன்று பருவங்களில் விளைச்சலில் தெரியும். மூடிய மேய்ச்சல் நிலத்தில் முதல் நல்ல மழையிலேயே புல் வரும். அறுத்துத் தீவனமாக்கும் அளவுக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். பழமரம் வருமானம் தர ஐந்து ஆண்டுகளாவது வேண்டும். குடும்ப வருமானத்தில் நிலையான மாற்றம் என்று நான் ஒப்புக்கொள்ள, நடுவில் ஒரு வறட்சி வந்து அதைத் தாண்டியும் அந்த வருமானம் நிற்க வேண்டும். நம் பகுதிகளில் அதற்குப் பத்தாண்டு போல ஆகும். லோயஸ் திட்டத்தின் இரு கட்டங்களும் சேர்ந்து எடுத்துக்கொண்டதும் அந்த அளவே. நம் வழிகாட்டுதல்களில் 1995-ல் நான்கு ஆண்டுகள், 2008-ல் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் என்று காலம் வகுக்கப்பட்டிருந்தது. உங்கள் ஊரில் இப்படியொரு திட்டம் கிராம சபைக்கு வருமானால், விரிவான திட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கி இரண்டு இடங்களைப் பாருங்கள். தடுப்பணைக்குக் கீழே யாருடைய கிணறுகள் இருக்கின்றன, அந்த நீரில் மற்றவர்களுக்குப் பங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. மேய்ச்சல் நிலத்தை எந்த ஆண்டில் மூடுகிறார்கள், ஆடு மாடு வைத்திருப்போருக்கான தீவனத் தொகையை எந்த ஆண்டில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. பெரும்பாலும் மூடுவது முதல் ஆண்டிலும் தீவனம் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலும் இருக்கும். அந்த வரிசையை மாற்றச் சொல்லித் தீர்மானத்தில் எழுத வையுங்கள். அறிக்கை ஒப்புதலுக்குப் போகும் முன் இது எளிது, போன பிறகு மிகவும் கடினம்.